தங்கவயலை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி

‘ஹெட்கியர்’ என்கிற சுரங்கக் கோபுரத்தைப் பார்த்ததும் அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து படம் எடுக்கத் தோன்றும். போகாதீர்கள். கோலார் தங்கவயலுக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த இரும்புக் கோபுரத்துக்கு நேர் கீழேதான் சுரங்கத்தின் வாய் இருக்கிறது. வாயைச் சுற்றியுள்ள நிலம் நூறு வருடத்துக்கும் மேலாகத் தோண்டப்பட்டு, அதிர்ந்து, மறுபடி நிரப்பப்பட்ட நிலம். மேலே புல் முளைத்துவிட்டதால் அது கெட்டித் தரை ஆகிவிடாது.

2013இல் அந்தத் தவற்றை நானே செய்தேன். வேலி பிய்ந்திருந்த ஓர் இடத்தில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தூரத்திலிருந்து கத்தினார். நான் நின்றதும் அருகில் வந்து, ஒரு கல்லை எடுத்து, நான் அடுத்து மிதிக்கவிருந்த புல்திட்டின் மீது எறிந்தார். கவிழ்த்து வைத்த பானையின் மேல் விழுந்ததுபோலத் ‘தொம்’ என்று ஒரு சத்தம். அவர் ஒன்றும் திட்டவில்லை. என் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, ஆடுகளிடம் திரும்பிப் போனார்.

என் தாத்தா இந்த ஊரில் 31 வருடம் தரைக்கு அடியில் வேலை செய்தவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தார். சுரங்கத்தில் கூரை விழாமல் மரம் கட்டும் வேலை, டிம்பர்மேன் என்பார்கள். நான் பெங்களூரில் ஆசிரியையாக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது யாரையாவது தங்கவயலுக்கு அழைத்துப் போகிறேன். வேலியைத் தாண்டாமலேயே இரண்டு நாள் நிறைய பார்க்கலாம். எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கைவிடப்பட்ட ஊர்’, ‘பேய் நகரம்’ என்றெல்லாம் இதைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது சுரங்கம்தான். ஊர் மூடப்படவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் இன்றும் விளக்கு எரிகிறது. விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். நீங்கள் போகும் இடம் யாரோ ஒருவருடைய வாசல். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எப்போது, எப்படிப் போவது

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காற்று பலமாக இருக்கும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மேடுகளின், அதாவது சயனைடு மேடுகளின் பொடி கிளம்பி ஊர் முழுவதும் படியும். அந்த மாதங்களில் சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் பல்லில் நறநறக்கும் என்று என் பாட்டி சொல்வார். மழை முடிந்த கையோடும் போக வேண்டாம். மேடுகள் அரித்துச் சரிந்திருக்கும்.

ரயிலில் போங்கள். பெங்களூரிலிருந்து தங்கவயலின் கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் வரை பாசஞ்சர் வண்டிகள் ஓடுகின்றன. சென்னை, காட்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கி மாறிக்கொள்ளலாம். பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் இந்தக் கிளைப் பாதை சுமார் 16 கிலோமீட்டர்தான். சுரங்கத்துக்காகவே 1890களில் போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களே சுரங்கத்தின் வரைபடம் மாதிரி இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், மண்ணின் நிறம் செம்மையிலிருந்து சாம்பல் கலந்த மஞ்சளாக மாறும் இடத்தைக் கண்ணால் பிடிக்கலாம். அங்கிருந்துதான் தங்கவயல் தொடங்குகிறது.

தங்குவதற்கு ராபர்ட்சன்பேட்டையில் லாட்ஜுகள் உண்டு. சாப்பாட்டுக்கும் எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றிய கடைகள் போதும். ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் சுரங்கத் தொழிலாளியின் மகனாகவோ பேரனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எங்கே போகலாம், எங்கே காவலாளி விசில் அடிப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: குதிகாலை மூடும் கெட்டியான ஷூ, முழுக்கால் பேன்ட், மூக்கோடு ஒட்டி நிற்கும் நல்ல முகக்கவசம், தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். டார்ச் வேண்டாம். உள்ளே போகப் போவதில்லை. கையில் டார்ச் இருந்தால்தான் உள்ளே எட்டிப்பார்க்க ஆசை வரும். செயற்கைக்கோள் படத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் வெளிர்ந்த மேடுகள், அவற்றின் ஓரத்தில் பாறையை இடித்த மில், மில்லுக்குப் பக்கத்தில் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட், கொஞ்சம் தள்ளி ஒரே அளவில் வரிசை வரிசையாக லைன் வீடுகள் என்று ஊரின் அமைப்பு அப்படியே தெரியும்.

சுரங்க வளாகங்கள் இன்றும் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சொத்து. வேலிக்குள் போக வேண்டுமானால் அவர்களிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும். கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காவலாளிக்குப் பணம் கொடுத்து நுழைவது என்ற பேச்சே வேண்டாம்.

ஏன் உள்ளே இறங்கக் கூடாது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் இதைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். ஆட்கள் வேலை செய்யக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்ப வேண்டியிருந்தது. ஊறும் நீரைப் பகலும் இரவும் பம்புகள் வெளியே இறைத்துக்கொண்டிருந்தன. சுரங்கம் மூடியதும் காற்று நின்றது, பம்பும் நின்றது. நீர் ஏறியது. நீருக்கு மேலே மிஞ்சிய இடத்தில் தேங்கியிருப்பது பிராணவாயு குறைந்த கெட்ட காற்று. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. இரண்டு மூச்சு இழுப்பதற்குள் கால் மடங்கிவிடும். விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். மூடிய பிறகு இரும்புக்காகவும் மண்ணுக்காகவும் திருட்டுத்தனமாக இறங்கி உயிர் விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு.

இதற்கு மேல் பாறை வெடிப்பும் இருந்தது. அத்தனை ஆழத்தில் பாறையின் மேல் இருக்கும் அழுத்தம் சொல்லி மாளாது. தோண்டிய இடத்தின் சுவர் திடீரென்று தானாகவே வெடித்துச் சிதறும். மேலே ஊரில் பரணில் அடுக்கிய பாத்திரங்கள் உருண்டு விழும். அந்தச் சத்தம் கேட்டவுடன் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டை நோக்கி ஓடுவார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது ஓடியதைச் சொல்லமாட்டார்; ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வரும்வரை நின்றதைத்தான் சொல்வார்.

முதல் நாள் காலை: ரோட்டில் நின்றபடி ஹெட்கியரைப் படிப்பது

உரிகம் அல்லது சாம்பியனில் இறங்கிக்கொள்ளுங்கள். எஞ்சி நிற்கும் ஹெட்கியர்களில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். சாலையிலேயே நின்று, அவசரமில்லாமல் பாருங்கள்.

கால்களில் இரண்டு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டிருக்கும். கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜின் கம்பிக்கயிற்றை இழுக்கும்போது கோபுரமும் அந்தத் திசையில் இழுபடும். அதைத் தாங்கத்தான் அந்தச் சாய்கால். ஆகவே அது சாயும் திசையில் கண்ணை ஓட்டினால், கூரை போயிருந்தாலும் வைண்டிங் என்ஜின் வீட்டின் கருங்கல் சுவர் தென்படும். கோபுரத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் கயிறு காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. உச்சியில் பெரும்பாலும் இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒரு கேஜ் இறங்கும்போது மற்றது ஏறும், கிணற்றில் இரண்டு வாளி போட்டு இறைப்பதுபோல. என்ஜின் ஓட்டுபவருக்கு ஷாஃப்டின் உள்பக்கம் தெரியாது. மணிச் சத்தத்தையும், கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள்ளையும் நம்பித்தான் அத்தனை உயிர்களை இறக்கி ஏற்றினார்.

தொலைநோக்கி இருந்தால் இரும்பின் இணைப்புகளைப் பாருங்கள். உருண்டைத் தலையுடன் வரிசையாக ரிவெட் அடித்திருந்தால் பெரும்பாலும் அது பழைய வேலை. வெல்டிங் தழும்பு தெரிந்தால் பிறகு பழுது பார்த்தது. பல கோபுரங்களில் இரண்டும் கலந்திருக்கும். எத்தனை தலைமுறை அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதை அந்த இரும்பிலேயே படித்துவிடலாம்.

இந்தக் கதை தொடங்கிய விதத்தையும் அங்கே நின்றபடியே சொல்லிவிடலாம். 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்த மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் 1870களில் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். பெங்களூரின் லவெல் சாலை அவர் பெயரால் அமைந்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் உண்மையான விளைச்சல். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம். காவிரியில் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி 1902இல் இங்கே மின்சாரம் கொண்டுவந்ததும் இந்தச் சுரங்கத்துக்காகத்தான். பெங்களூருக்கு அது 1905இல்தான் போனது. பெங்களூர் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

மதியத்துக்கு மேல்: சயனைடு மேடு

தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் அது மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. மீதி எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டால் இந்த மேடுகளைத்தான் காட்ட வேண்டும். பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேல் மலைபோல் குவிந்து கிடக்கிறது.

மாலை நான்கரை மணிக்குமேல் பாருங்கள். வெயில் சாய்ந்ததும் மழைநீர் அரித்த பள்ளங்களில் நிழல் விழும். மேடு முழுவதும் யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும். அதை மறுக்க முடியாது.

ஆனால் ஏறாதீர்கள். படம் எடுக்கப் பலர் ஏறுவதைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டாம். என் அக்கா மகன் ஒரு முறை ஓரத்தில் காய்ந்திருந்த மேல்தோலை நம்பிக் கால் வைத்தான். அப்பளம் மாதிரி உடைந்து முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. இழுத்து வெளியே எடுத்தோம், ஷூ வரவில்லை. சரிவின் விளிம்பில் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். சயனைடு வெயில்பட்டுக் காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆனால் மாவாக அரைத்த கல்லின் பொடி அங்கேயேதான் இருக்கும். நுரையீரலில் போய்ப் படிந்தால் அது வெளியே வராது. தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் கடைசி நாள்வரை இருமினார். சுரங்கத்தில் இருமிய அதே இருமல். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். மேட்டின் அடியில் தேங்கிய நீரைத் தொடாதீர்கள். குழந்தைகளை இந்தப் பகுதிக்கு அழைத்து வராமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் நாள்: ஆட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையை லைன்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான்.

லைன் வீடு என்பது ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சிறு வீடுகளின் வரிசை. அதற்கும் முந்திய காலத்தில் மூங்கில் தட்டியில் கட்டிய தட்டி வீடுகள் இருந்தன. இன்னொரு பக்கம் மேட்டில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். முதலில் பங்களாப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு உடனே லைனுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் பார்த்தால் விளக்கவுரை தேவைப்படாது.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். ஊரில் இருந்த அடிமைத்தனத்தை விட்டு வந்து, இங்கே கூலியைக் காசாகக் கையில் வாங்கினார்கள். அந்தக் காசில் பள்ளி வைத்தார்கள், சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மீண்டும் கொண்டுவந்தார். 1930இல் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வருபவர்கள் தங்கத்தையும் ஆழத்தையும் பற்றிக் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

லைனில் பேச்சைத் தொடங்குவது எளிது. தமிழில் வணக்கம் சொல்லுங்கள், உங்கள் ஊரைச் சொல்லுங்கள். திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் என்று சொன்னால் உடனே ஒரு நாற்காலி வரும். பெரியவர்களை ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள். எடுத்தவுடன் ‘தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களும் அலுத்துப்போய் ஒரே பதிலைச் சொல்வார்கள். ‘எந்த ஷாஃப்ட், எத்தனாவது லெவல், எந்த ஷிப்ட்’ என்று கேளுங்கள். முதுகு நிமிரும். அதன் பிறகு நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. சங்கு ஊதும் நேரத்தை வைத்து ஊரே சமைத்ததையும், கேஜில் நெருக்கி நின்று இறங்கும்போது காது அடைத்ததையும் அவர்களே சொல்வார்கள். 1965இல் சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே விஞ்ஞானிகள் கருவி வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். அந்தக் கருவிகளைக் கீழே இறக்க உதவிய கைகளும் இந்த லைன்களிலிருந்து போனவைதான்.

வீட்டைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். இடிந்த சுவருக்கு முன்னால் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பிரியும்போது பணம் நீட்ட வேண்டாம். பழமோ பிஸ்கட்டோ வாங்கிப் போனால் போதும்.

மதியம் நேரமிருந்தால் பேத்தமங்கலம் ஏரிக்குப் போய் வாருங்கள். பாலாற்று நீரைத் தேக்கிச் சுரங்கத்துக்குக் குடிநீர் அனுப்பிய இடம். இரண்டு நாள் தூசிக்குப் பிறகு அந்த நீர்ப்பரப்பு கண்ணுக்கு இதமாக இருக்கும். கம்மசந்திரத்தின் கோடிலிங்கேஸ்வரர் கோயிலும் பக்கம்தான். ஞாயிறு என்றால் கூட்டம் இருக்கும்.

வழியில் பளபளவென்று ஒரு கல் கிடைத்தால் மனம் துள்ளும். பெரும்பாலும் தங்கம் மாதிரி மின்னும் பைரைட் என்ற கல்தான். சுத்தியால் தட்டினால் தங்கம் நசுங்கும், பைரைட் பொடியாகும். எதுவானாலும் கல்லை அங்கேயே போட்டுவிடுங்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களைச் சோதனை போட்டு வீட்டுக்கு அனுப்பிய ஊர் இது. அவர்கள் எடுத்துப் போகாததை நாம் பையில் போட்டுக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வீடு வந்ததும் ஷூவை வாசலிலேயே ஈரத் துணியால் துடையுங்கள். தட்டாதீர்கள், பொடி பறக்கும். அணிந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். எடுத்த படங்களில் மனிதர்கள் இருப்பதை மட்டும் பொறுக்கி அச்சிட்டு வையுங்கள். அடுத்த முறை போகும்போது கொடுக்கலாம், அல்லது ஆட்டோ ஓட்டுநர் மூலம் அனுப்பலாம். போன ஜனவரியில் ஒரு பெரியவருக்கு அப்படி ஒரு படம் கொண்டுபோனேன். திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கும் படம், பின்னால் தூரத்தில் ஹெட்கியர். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், நகத்தால் கோபுர உச்சியைத் தொட்டு, இடப்பக்கச் சக்கரம்தான் தன்னுடைய கேஜ் என்றார்.